ஒரு மாதிரி அக்கா

அந்த மருத்துவமனையில் அவரை எல்லாரும் ‘ஒரு மாதிரி அக்கா’ என்றுதான் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள். ஒருவரைப் பற்றி ‘அவங்க ஒரு மாதிரி’ என்று சொன்னால் அதற்கு நல்ல அர்த்தமா இருக்கிறது? முசுடு, சிடுமூஞ்சி, வாயைக் கொடுத்தால் மீளமுடியாது என்றெல்லாம்தானே நினைக்கத் தோன்றும். அக்காவிடம் சிடுசிடுப்பும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. ஒரு கட்டத்தால் வந்தது. பேனாவால், ஸ்கேல் வைத்து, தினமும் காலையில் அக்கா தன் கையால் போடும் சின்னக் கட்டம்.

அக்காவுக்கு அவசரப் பிரிவின் முன்மேசையில் வேலை. வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எவரும் முதலில் முழிப்பது அவர் முகத்தில்தான். விரல் வெட்டுப்பட்டவர், காய்ச்சல்காரர், மாடிப்படியில் உருண்டவர், ஒன்றுமே இல்லாமல் பயந்துபோய் வந்தவர் என்று எல்லாரையும் ஒரு நிமிடம் பார்த்து, யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று பிரித்து அனுப்ப வேண்டும். நர்ஸ் வேலையில் சேர்ந்து இருபத்தெட்டு வருடம். அதில் பதினாறு வருடம் இந்த மேசையிலேயே கழிந்துவிட்டது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே தனிச் சட்டம். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு டாக்டர் கண்ணில் காட்டிவிட வேண்டும். அதற்காகவே அக்காவிடம் ஒரு படிவம் இருந்தது. முதல் கேள்வி, ‘நெஞ்சுவலி’. எதிரே இரண்டு கட்டங்கள். உண்டு, இல்லை. உண்டு என்றால் ஈசிஜி. இல்லை என்றால் நாற்காலி. கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது!

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு வேலை செய்யும் பெயின்டர் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தனியாக நடந்தே வந்தார். நகத்திலெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அக்கா படிவத்தைப் பார்த்து, “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டார். “வலியெல்லாம் இல்ல சிஸ்டர், ஒரு மாதிரி இருக்கு” என்றார் அவர். அக்கா ‘இல்லை’ என்பதில் டிக் போட்டார். விரலில் கட்டுப்போட வந்த ஒருவருக்குப் பின்னால் அவரை உட்கார வைத்தார். நாற்பது நிமிடம் கழித்து அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அக்காவை யாரும் குற்றம் சொல்லவில்லை. விசாரணையில் படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள், கேட்டதும் சரி, போட்ட டிக்கும் சரி என்றுவிட்டார்கள். அதுதான் அக்காவுக்குத் தாங்க முடியவில்லை. மனிதர் சொல்லத்தானே சொன்னார்? வலி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துகிறது, அடைக்கிறது, பிசைகிறது. அதற்கு வலி என்று யார் பெயர் வைத்தார்கள்? ஊசி குத்தினால் வலி. கல் தடுக்கினால் வலி. இது என்னவென்று தெரியாதபோது நாம் எல்லாரும் சொல்வது அந்த ஒரே வார்த்தைதானே!

அன்றோடு அக்கா ‘வலிக்குதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டார். “என்ன பண்ணுது?” என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். மறுநாள் காலை படிவக் கட்டை எடுத்துவைத்து, உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு ‘ஒரு மாதிரி’ என்று எழுதினார். ஐம்பது தாளிலும் எழுதினார். பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் சிரித்த மற்ற ஷிப்ட் நர்சுகளும் பிறகு தங்கள் பங்குக்குக் கட்டம் போட ஆரம்பித்தார்கள். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் ஈசிஜி உண்டு என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

இந்தச் சட்டம் வீட்டிலும் செல்லுபடியானதுதான் வேடிக்கை. அக்காவின் கணவர் பூட்டு ரிப்பேர் செய்து சாவி போட்டுக் கொடுப்பவர். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு விளையாட்டாக, “இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குடி” என்று சொல்லிவிட்டார். பாவம், அடுத்த அரைமணி நேரத்தில் மனைவி வேலை பார்க்கும் இடத்திலேயே சட்டையைக் கழற்றிப் படுத்திருந்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை, உண்டது செரிக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கே தடை. மகள்கூட, “அம்மா, எனக்கு... இரு, அதைச் சொல்லல... மனசு சரியில்ல” என்று சுற்றி வளைத்துத்தான் பேசுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில் பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். அவசரப் பிரிவுக்குப் புதுத் தலைவர். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அக்காவைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் பதவி பெரியது. கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் அக்கா சமாளித்திருப்பார். இவர் எதையும் எண்ணிக்கையோடு வந்து அமைதியாகச் சொல்லும் ரகம்.

“சிஸ்டர், நம்மகிட்ட இருக்கிறது ஆறு மானிட்டர் கட்டில். போன மாசம் உங்க கட்டத்துல டிக் விழுந்தவங்க எழுபத்து மூணு பேர். அதுல நிஜமா இதயத்துல பிரச்சினை இருந்தது நாலு பேருக்கு.”

“நாலு பேர் இருந்தாங்கல்ல சார்?”

“இருந்தாங்க. நான் இல்லன்னு சொல்லல. மீதி அறுபத்தொம்பது பேரையும் நீங்க அதே கட்டில்ல படுக்க வெச்சீங்க. அதனாலதான் ஆம்புலன்ஸ்ல வந்த அந்தப் பெரியவரை முக்கால் மணி நேரம் ஸ்ட்ரெச்சர்லயே வெச்சிருந்தோம். அவர் பிழைச்சது நம்ம சாமர்த்தியம் இல்ல சிஸ்டர்.”

அன்றைக்கு அந்த ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது அக்காதான். உண்மையைச் சொன்னால், ஒரு மாதிரி என்று யார் சொன்னாலும் அவரைக் கட்டிலில் ஏற்றி ஒயர் மாட்டி, மானிட்டரில் கோடு ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை அக்காவுக்கு மூச்சு சீராக வராது. பெயின்டர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். அது நோயாளிக்குச் செய்த வைத்தியம் பாதி, அக்கா தனக்கே செய்துகொண்ட வைத்தியம் பாதி.

பெரிய டாக்டர் மார்க்குப் போடுவதில் நம்பிக்கை உள்ளவர். நெஞ்சுக்காக வருகிற ஒவ்வொருவருக்கும் ஐந்து கேள்வி. என்ன பண்ணுகிறது, ஈசிஜி எப்படி, வயது என்ன, சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி வேறு ஏதாவது உண்டா, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. கூட்டினால் மூன்றும் அதற்குக் கீழேயும் வந்தால் கட்டில் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். குறைந்த மார்க்கு வாங்கியதற்காகக் குடும்பமே சந்தோஷப்படும் பரீட்சை அது ஒன்றுதான். அக்காவுக்கு அந்த மார்க்கின் மேல் வருத்தமில்லை. வருத்தம் வேறு. வருகிற திங்கட்கிழமையிலிருந்து காகிதப் படிவம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். அதன் திரையில் முதல் கேள்வி நெஞ்சுவலி. எதிரே உண்டு, இல்லை.

“சார், என் கட்டம்?” என்று கேட்டார் அக்கா.

“கம்ப்யூட்டர்ல பேனாவால கட்டம் போட முடியாது சிஸ்டர்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று இருந்தது. திங்கட்கிழமைக்கப்புறம் இன்னொரு பெயின்டர் வந்து நின்றால், ‘இல்லை’ என்பதைத் தட்டப்போவது தன் விரல்தான் என்று நினைத்து நினைத்து அக்காவுக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மார்க்கெட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுபவர். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குரலே சொல்லிற்று. வாசலிலிருந்தே, “நெஞ்சு வலிக்குது! உயிர் போகுது! யாராவது வாங்க!” என்று ஊரைக் கூட்டிவிட்டார். காத்திருந்த இருபது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ‘உண்டு’ கட்டத்தில் டிக், ஐந்தாவது நிமிடத்தில் ஈசிஜி, ஆறாவது கட்டிலில் இடம். மீதி ஐந்து கட்டிலிலும் ஏற்கெனவே ஆள்.

அவர் பின்னாலேயே அவர் மனைவியும் வந்தார். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மா. கணவர் போட்ட சத்தத்தில் மெஷினை விட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கணவரின் செருப்பு, ஒரு கையில் பை.

பத்து மணிக்கு ஏலக்காரரின் ரத்த ரிப்போர்ட் வந்தது. சுத்தம். ஈசிஜியும் சுத்தம். டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா (எல்லாருக்கும் சின்ன டாக்டர்) அவர் விலாவில் ஓர் இடத்தை விரலால் அமுக்கியதும், “ஆ! அங்கதான்!” என்று அலறினார் ஏலக்காரர். விசாரித்தால், காலையில் கடையின் துருப்பிடித்த ஷட்டரைத் தனியாளாகத் தூக்கியிருக்கிறார். தசை பிடித்துக்கொண்டது. ஐந்து கேள்விக்கும் சேர்த்து இரண்டே மார்க்கு. வயதுக்கு ஒன்று, பீடிக்கு ஒன்று. “ஐயா, நீங்க நாற்காலியில உக்காரலாம், பன்னெண்டு மணிக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துட்டு அனுப்பிடுறோம்” என்றார் சின்ன டாக்டர்.

“நாற்காலியா? நெஞ்சுவலிக்காரனை நாற்காலியில உக்கார வெப்பீங்களா? நான் இந்தக் கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேன்!”

அந்தக் குரலை எதிர்த்துப் பேச எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. சின்ன டாக்டர் பின்வாங்கிவிட்டார்.

தையல்காரம்மா வெளியே வந்து, முன்மேசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா வேறொருவருக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் அந்தப் பக்கம் போனது. அந்த அம்மா கழுத்து டேப்பை எடுத்தார், சுருட்டினார், பைக்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி கழுத்துக்குப் போயிற்று. இல்லாத டேப்பைத் தளர்த்துகிற மாதிரி விரல்கள் தடவின. மறுபடி கீழே வந்தன. மறுபடி கழுத்துக்குப் போயின.

அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் குனிந்தார். “உங்களுக்கு என்னம்மா பண்ணுது?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவரைப் பாருங்க.”

“அவரைப் பார்த்தாச்சு. நல்லா இருக்கார். உங்களுக்கு என்ன பண்ணுது?”

கேட்டுவிட்டு அக்கா வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

“டேப்பைக் கழட்டிட்டேன். ஆனா கழுத்துல அது இறுக்குற மாதிரியே இருக்கு. தாடை வரைக்கும். வலியெல்லாம் இல்ல சிஸ்டர்... ஒரு மாதிரி இருக்கு.”

“எப்பலேருந்து?”

“நேத்துலேருந்து வந்து வந்து போகுது. இன்னிக்கு அவர் சத்தம் போட்டதும் ஓடி வந்தேன், அதுலேருந்து போக மாட்டேங்குது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறேன், அதனாலகூட இருக்கும். விடுங்க. அவருக்குத் தண்ணி குடிக்கணுமானு கேட்டீங்களா?”

அக்கா ஒரு படிவத்தை உருவினார். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார்.

ஈசிஜி எடுப்பவர் அக்காவுக்கு வயதில் மூத்தவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பார். திரை மறைப்புக்குள் பாடிக்கொண்டே எடுத்தார், பாடிக்கொண்டே தாளைக் கொடுத்தார். சின்ன டாக்டர் பார்த்தார். “ஒரு இடத்துல லேசா என்னமோ மாதிரி இருக்கு. இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல.” ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும்.

அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். அக்கா நின்ற தோரணையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “சிஸ்டர், கட்டில் ஒண்ணுகூட இல்ல” என்றார்.

பழைய அக்காவாக இருந்தால் ஒற்றைக்காலில் நின்று சண்டை போட்டிருப்பார். ஆனால் இப்போது அந்த ஸ்ட்ரெச்சர்ப் பெரியவரும் நினைவுக்கு வந்தார், பெயின்டரும் வந்தார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அக்கா ஒரு மூச்சு இழுத்தார்.

“கட்டில் கேக்கல சார். என் மேசைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி. பதினஞ்சு நிமிஷத்துல இன்னொரு ஈசிஜி. அதுவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்.”

பெரிய டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அது நியாயம். ஆஸ்பிரினும் குடுத்துடுங்க, மென்னு முழுங்கட்டும்” என்றார்.

தையல்காரம்மா மாத்திரையை மென்றுகொண்டு அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். உங்க யூனிஃபார்ம் யார் தைச்சது?”

“ஆஸ்பத்திரியில குடுக்கிறதுதாம்மா.”

“இடது தோள் மேல ஏறி நிக்குது. பட்டனையெல்லாம் வெச்சவன் தோளைப் பார்க்காம வெச்சிருக்கான். கையைத் தூக்குறப்ப பிடிக்கலையா?”

“பதினாறு வருஷமா பிடிக்குது. பழகிப்போச்சு.”

“இதெல்லாம் பழகிக்கிற விஷயமா? தையலைப் பிரிச்சு அரை இஞ்ச் இறக்கினா...” என்று ஆரம்பித்து, காலர், கைமடிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதத்துக்கு எவ்வளவு வளர்கிறார்கள் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனார். அக்கா கேட்டுக்கொண்டார். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் அந்த அம்மாவின் நெற்றியில். பதினோராவது நிமிடத்தில் பேச்சு நடுவில் நின்றது. “பட்டன்” என்று சொல்லி நிறுத்தியவர் அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை. முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

பதினைந்துக்கு அக்கா காத்திருக்கவில்லை. அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு போனார். ஈசிஜி எடுப்பவர் ஒயரை மாட்டும்போது பாடிக்கொண்டிருந்தார். தாள் வெளியே வர ஆரம்பித்ததும் பாட்டு நின்றுவிட்டது. அந்த மனிதர் பாட்டை நிறுத்தி அந்த மருத்துவமனையில் யாரும் கேட்டதில்லை.

பெரிய டாக்டர் தாளைப் பார்க்க மூன்று வினாடி எடுத்துக்கொண்டார். “ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. மூணாவது மாடிக்குச் சொல்லுங்க, அடைப்பெடுக்க ஆளுங்க தயாராகட்டும். அதுவரைக்கும் மானிட்டர் வேணும்.” சொல்லிக்கொண்டே அவரே ஆறாவது கட்டிலுக்கு நடந்தார். அக்கா நாற்காலியோடு பின்னால் போனார்.

“ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. இந்தக் கட்டில் வேணும்.”

“மறுபடியுமா? இது என் கட்டில்! நெஞ்சுவலி எனக்கு! யாருக்குக் குடுக்கப்போறீங்க என் கட்டிலை?”

“உங்க வீட்டம்மாவுக்கு” என்றார் அக்கா.

ஏலக்காரரின் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அக்காவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். அடுத்த நொடி தானே எழுந்து, மார்பில் இருந்த ஒயரையெல்லாம் தானே பிய்த்துப் போட்டார். மானிட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. விலாப்பிடிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை, மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கட்டிலில் ஏற்றியதே அவர்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க ஏன் எந்திரிச்சீங்க?” என்றார் அந்த அம்மா, வியர்வை வழிய.

“நீ பேசாம படு” என்றார் அவர். அவ்வளவு மெதுவாகக்கூட அவரால் பேச முடியும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

இருபத்தைந்து நிமிடத்தில் தையல்காரம்மா மூன்றாவது மாடியில் இருந்தார். ஏலக்காரர் அந்த நாற்காலியில், மனைவியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுக்க வந்தபோது கையை நீட்டினார், மூச்சு விடவில்லை. ஒரு மணிக்கு மேலிருந்து போன் வந்தது. அடைப்பை எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறார், கணவருக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்கிறார். அக்கா அதை அப்படியே வந்து சொன்னார். அந்த மனிதர் செருப்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஷிப்ட் முடியும் நேரத்தில் பெரிய டாக்டர் முன்மேசைக்கு வந்தார். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. மேசையில் இருந்த படிவத்தைக் கையில் எடுத்துப் பேனாக் கட்டத்தைப் பார்த்தார்.

“சிஸ்டர், கம்ப்யூட்டர்காரங்ககிட்ட பேசினேன். மூணாவதா ஒண்ணு சேர்க்கலாமாம். ‘அசௌகரியம்’னு போடச் சொல்லட்டுமா?”

“அசௌகரியம்னு நோவோட வர்றவங்க யாரு சார் சொல்லுவாங்க? வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சொல்ற வார்த்தை அது.”

அவர் சிரித்துவிட்டார். நான்கு மாதத்தில் முதல் தடவை. “சரி, உங்க வார்த்தையே இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. அந்தக் கட்டத்துக்கு ஈசிஜி உண்டு, கட்டில் கிடையாது. கட்டிலுக்கு மார்க்கு.”

“நாற்காலி என் மேசைக்குப் பக்கத்துல இருக்கணும்.”

“இருக்கட்டும்.”

திங்கட்கிழமை திரை வந்தது. உண்டு, இல்லை, ஒரு மாதிரி. மூன்றாவதைத் தட்டினால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பிக்கும். ஈசிஜி அறையிலும் பெரிய டாக்டர் மேசையிலும் அதே சிவப்பு எரியும். முதல் முறை அதைத் தட்டியபோது எதிரே நின்றவர் ஒரு லாரி டிரைவர். அவருக்கு வெறும் வாயுத்தொல்லைதான். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது அவரை இல்லை. வெள்ளைப் பெயின்ட் ஒட்டிய நகங்களைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தையல்காரம்மாவும் ஏலக்காரரும் வந்தார்கள். சிகிச்சைக்கு அல்ல. அந்த அம்மா நிதானமாக நடந்து வந்து, முன்மேசையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார். உள்ளே ஒரு யூனிஃபார்ம். டேப் வைக்காமல், அந்தப் பதினோரு நிமிடம் கண்ணால் பார்த்த அளவில் தைத்தது.

“போட்டுப் பாருங்க சிஸ்டர்” என்றார்.

அக்கா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். இடது கையை மேலே தூக்கினார். எங்கேயும் பிடிக்கவில்லை. மறுபடி தூக்கினார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்தத் தோள் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சுக்குள் என்னவோ பொங்கி மேலே வந்தது.

“என்ன சிஸ்டர், என்ன பண்ணுது?” என்று பதறினார் தையல்காரம்மா.

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் அக்கா, முந்தானை இல்லாத யூனிஃபார்மில் கண்ணைத் துடைக்க இடம் தேடிக்கொண்டே. “ஒரு மாதிரி இருக்கு.”

அக்காவுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு நர்சின் விரல் தானாகவே மூன்றாவது கட்டத்தைத் தட்டிவிட்டது. சிவப்புக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் ஈசிஜி எடுப்பவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாடியபடியே வந்துவிட்டார். பெரிய டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்ல! அழுகை வந்துச்சு, அதான் சொன்னேன்!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வந்து படுங்க. ஒம்பதரை நிமிஷம்தான் இருக்கு” என்றார் ஈசிஜி எடுப்பவர்.

“போய்ப் படு தாயி! அவங்க சொன்னா கேட்கணும்!” என்று ஏலக்காரர் தன் பழைய குரலில் முழங்கினார். காத்திருந்த இருபது பேரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்தத் திரை மறைப்புக்குள் நோயாளியாகப் படுத்தார்.

பாட்டு கடைசிவரை நிற்கவில்லை. பெரிய டாக்டர் தாளை வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அக்கா பக்கம் கையை நீட்டினார்.

“சிஸ்டர், உங்க ஸ்கேலைக் குடுங்க.”

அக்கா படுத்தபடியே, தலைமாட்டில் மடித்து வைத்திருந்த பழைய யூனிஃபார்மின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் ஈசிஜி தாளின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, பேனாவால் ஒரு சின்னக் கட்டம் போட்டார். பக்கத்தில் ‘சந்தோஷம்’ என்று எழுதி, கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.